விட்டுவந்த கல்லறைக்கு நாம் பட்ட கடன்

தாராவித் தமிழ்ப் பௌத்தருள் பலர், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினின்று பம்பாய் வந்தோரின் வழியினர். முன்னோர் கல்லறைகளோ ஊர் வயலோரங்களில் பேணுவாரின்றித் தனித்துக் கிடக்கின்றன. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், சிராத்தமும் பிண்டதானமும் செய்வதில்லை என்பதும் ஒன்று. அவ்வாறாயின், அத்தனிக் கல்லறைக்கு நாம் செய்யத்தக்க கடமை யாதுமில்லையா?

இவ்விடத்துப் பாபாசாகேபின் அன்னையாரை நினைத்தல் தகும். பீமாபாய் அம்மையார் முர்பாடைச் சார்ந்த குடும்பத்தினர். கணவர் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். அவர் பூர்வீகம் இரத்தினகிரிப் பகுதியின் அம்படவே. பதினான்கு மக்களைப் பெற்றும் ஐவரே நிலைத்தனர். கடைக்குட்டி பீமராவ் 1891-இல் மாவ் நகரில் பிறந்தார். குடும்பம் சாத்தாராவில் குடியேறிய சிறிது காலத்தில் அன்னையார் காலமானார். பிறந்தகமும் அன்று, புகுந்தகமும் அன்று. பிழைக்க வந்த ஊரிலேயே சமாதி அமைந்தது. குடும்பமோ பின்னர் பம்பாய்க்குப் பெயர்ந்தது.

1901-இல், கோரேகாவில் பணிபுரிந்த தந்தையைக் காணச் சென்ற அத்தாயற்ற சிறுவர், மசூர் இரயில் நிலையத்தில் சாதி வெளிப்பட்டமையால் வண்டியோட்டுவார் கிடையாது வருந்தினர்; வழியில் குடிநீரும் பெறாது இரவைக் கழித்தனர்.

பகவர் அநாத்மம் போதித்தார். ஆதலின் கல்லறையுள் பிண்டத்திற்குக் காத்திருக்கும் ஆன்மா இல்லை. ஆயினும் பெற்ற நன்மை பொய்யாகிவிடுமோ? தாய்தந்தையரை நூறாண்டு தோளிற் சுமப்பினும் கடன் தீராது. அவர்களைச் சீலத்திலும் ஈகையிலும் அறிவிலும் நிலைநிறுத்துதலே தக்க கைம்மாறு என்பது அங்குத்தர நிகாயத்தின் கருத்து. இறந்தாரை அவ்வாறு நிலைநிறுத்தல் இயலாதே எனின், அவர் வழிவந்த நம்மையும் நம் மக்களையும் நிலைநிறுத்தல் இயலும். நீரின்றித் தவித்த அச்சிறுவர் வளர்ந்து, 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாடு குளத்து நீரைப் பல்லாயிரவரோடு அருந்தினார். பிண்டத்தினும் மேலான தாய்க்கடன் அதுவன்றோ!

நமது கடமையும் இதுவே. மூத்தோர் உயிரோடிருக்கும்போதே, அங்கே உறங்குவோர் பெயர், உழைத்த நிலம், ஊர் விட்ட காரணம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். கொடுமை புரிந்தோர்க்கு நமது மறதியினும் வசதியானது வேறில்லை. ஊர் செல்லுங்கால் முட்செடி அகற்றி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிப் பஞ்சசீலம் ஓதுவோம். அவர் பெயரால் ஓர் ஏழைக் குழந்தைக்கு நூல் வாங்கி அளிப்போம். சடங்கைத் துறந்தோம், நன்றியைத் துறந்தோமல்லோம்.