திருவிழாக் கடையும் மூன்று வரிகளும்

ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாளிலே கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் 25 நாட்களிலும், சுவாமி உலா வரும் வீதிக்குச் சற்று அப்பால் இன்னொரு திருவிழாவும் நடைபெறுகின்றது. மணல் பரப்பிய வீதியிலே ஆண்கள் பிரதட்டை செய்ய, பெண்கள் அடியழித்து வர, எட்ட நின்று பார்த்தால் கச்சான் கடை, காப்புக் கடை, தும்பு முட்டாஸ், அம்மம்மா குழல், ஐஸ்கிரீம் என்று சனம் அலைமோதுகின்றது. இவ்விரண்டில் எது உற்சவம், எது அதற்கு இடையூறு என்னும் வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1822 இல் இதே நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர், கோயில் விழாக்களில் நடந்த கணிகையர் நடனம் முதலிய கேளிக்கைகளைக் கடுமையாகக் கண்டித்தார். சிரத்தை சிதறும் இடத்திலே பக்தி நிலையாது என்னும் கவலையை இலேசாகத் தள்ளிவிடுதல் தகாது.

ஆயினும் அக்கடைத்தெருவை வேறொரு கண்ணால் நோக்கவும் வழியுண்டு. 1916 இல் பாரதியார் சுதேசமித்திரனிலே யப்பானியக் கவிதையைப் பற்றி வியந்தெழுதிய காலந்தொட்டே தமிழருக்கு அறிமுகமான அவ்வழி, பதினேழு அசைகளுள் ஒரு பருவத்தையும் ஒரு கணத்தையும் அடக்கிவிடும் ஹைக்கூ ஆகும். பாஷோ (1644–1694) முதலாயினோர் வளர்த்த அம்மரபிலே திருவிழா என்பதே கோடையைக் குறிக்கும் பருவச்சொல். நமக்கும் ‘நல்லூர்க் கொடி’ என்றாலே வெயிலும் பனம்பழ வாசனையும் நினைவுக்கு வருதலின், அம்முறையில் இவ்வாறு எழுதிப் பார்க்கலாம்:

கச்சான் முடிந்தது;
சரையை விரித்தால்
யாரோ செய்த கணக்கு.

கொறித்து முடித்த கையிலே எஞ்சிய, கச்சான் சுற்றித் தந்த சரையாகிய கொப்பித் தாளில், சிவப்பு மையாற் கீறிய பிழையோடு, முகமறியாப் பிள்ளையொன்றின் கூட்டற் கணக்குக் கிடக்கின்றது, அவ்வளவே. பௌத்த மரபில் ஊறிய கண்ணுக்கு இது அநித்தியத்தின் சாட்சி. சைவசித்தாந்தியோ அநித்தியத்தை மறுக்காமலே வேறொன்று சொல்வான். மாயை பொய்த்தோற்றம் அன்று, உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள் என்பதும், அதனின்று உடல், கருவி, உலகு, நுகர்பொருள் ஆகிய தனு கரண புவன போகங்களை இறைவன் ஆன்மாக்களுக்குக் கூட்டுவதும், ஒடுங்கிய உலகை மீளத் தோற்றுவிப்பதும் மலம் நீங்கும் பக்குவமாகிய மலபரிபாகத்தின் பொருட்டே என்பதும், 13 ஆம் நூற்றாண்டிலே மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த நெறியைச் சார்ந்தோர் கொள்கை. அந்நோக்கிலே கடைத்தெரு அழிவதில்லை, ஒடுங்குகின்றது; மறு ஆண்டு கொடியேற மீண்டும் எழுகின்றது. அதில் நாவூறி நின்று, கைக்காசு தீர்ந்து, அழுதுகொண்டே வீடு திரும்பும் பிள்ளை, போகத்தின் எல்லையை ஒரு மாலைப்பொழுதிலே கற்றுக்கொள்கின்றது.

இவ்விடத்திலேதான் நாவலரின் கவலைக்கும் விடை பிறக்கின்றது. அவர் வேண்டியது சிரத்தை. ஹைக்கூ வேண்டுவதும் அதுவே. குறை கச்சான் கடையிலே இல்லை; கடையிலே நின்றும் அதைக் காணாத மனத்திலே உள்ளது. பித்தர் என்று ஊரார் ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகள், யோகசுவாமிகளுக்குக் குருவாகியவர், சனம் புழங்கும் நல்லூர்த் தேரடியிலேயே இருந்துகொண்டு, உள்ளதெல்லாம் மெய்யே என்னும் கருத்தினைச் சொற்சுருக்கமாக உரைத்தமை இங்கு நினையத்தக்கது. வனத்துக்குப் போகாமலே, ஆரவாரத்தின் நடுவிலேயே அடையத்தக்கதொரு நிலையை அவர் வாழ்க்கை காட்டிற்று.

ஆதலின் நல்லூரை ஹைக்கூவாக்க முனைவோர், மூன்றாம் வரியிலே உபதேசத்தை ஏற்றும் ஆசையை விடல் வேண்டும். ஏற்றினால் கச்சானும் போய்விடும், தத்துவமும் வாராது. கண்டதைக் கண்டபடி வைக்கப் பழகியவனுக்கு, வசந்த மண்டபப் பூசையிலே திரை விலகும்போது வேண்டப்படும் சிரத்தை, புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றாக இராது.