பாதி வெடித்த குண்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் தேசிய அருங்காட்சியகம். அந்த இடத்தில் முன்பு இருந்தது சிலாங்கூர் அருங்காட்சியகம். 1945 மார்ச் 10ஆம் தேதி, ரயில்வே வளாகத்தைக் குறிவைத்து வந்த பி-29 விமானங்களின் குண்டு தவறி அதன்மேல் விழுந்து, கட்டடத்தின் ஒரு பக்கம் இடிந்தது. 1963இல் புதிய கட்டடம் திறந்தாயிற்று. வெடித்த குண்டின் கதை அதோடு முடிந்தது.

வெடிக்காத குண்டுகளின் கதைதான் முடியவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டுமானத்துக்கு மண்ணைத் தோண்டும்போது போர்க்காலக் குண்டு அகப்படுவதுண்டு. உடனே வேலை நிற்கும். போலீஸின் வெடிகுண்டுப் பிரிவு வரும்.

குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்து மண்ணில் கலந்தால் என்னவாகும்? இதை ஆராயும் மாணவர், குழாயில் மண்ணை நிரப்பி, மேலே சிறிது மருந்திட்டு, மழைபோல் நீரைச் சொட்டவிட்டு, அடியில் வடிவதைச் சோதிப்பார். டி.என்.டி. என்ற வெடிமருந்தை நுண்ணுயிர்கள் உருமாற்ற, அது மண்ணின் மக்கோடு ஒட்டிப் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். ஆர்.டி.எக்ஸ். என்ற இன்னொரு வெடிமருந்து நீரில் அதைவிடக் குறைவாகத்தான் கரையும்; ஆனால் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. கரைந்த கொஞ்சமும் நிலத்தடி நீரைத் தேடி இறங்கும். அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் குடிநீரைக் காக்க, ராணுவத் தளத்தில் வெடிமருந்துப் பயிற்சியையே நிறுத்தும்படி 1997இல் உத்தரவு வந்தது.

பயிற்சித் தளங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னொன்று. முழுதாக வெடித்த குண்டு மண்ணில் விடும் மருந்து மிக மிகச் சொற்பம்; ஏறக்குறைய எல்லாம் அந்த நொடியிலேயே எரிந்து வாயுவாகிவிடும். பாதி வெடித்துப் பிளந்த குண்டுதான் கட்டி கட்டியாக மருந்தை இறைத்துவிட்டுப் போகிறது.

குடும்பச் சண்டையும் அப்படித்தான். தீபாவளிக்குக் கூடிய வீட்டில் அண்ணன் தம்பிக்குள் ஒரு சொல் வெடிக்கும். "நல்ல நாளும் அதுவுமா, விடுங்கலா" என்று யாராவது அடக்கிவிடுவார்கள். வீடு அமைதியாகும். சொல்லாமல் விட்ட மீதி உள்ளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது, பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கத்தித் தீர்த்துவிடலாம் என்பதல்ல. அதில் சேதம் அதிகம். வெடிகுண்டுப் பிரிவினர் முதலில் கூட்டத்தை விலக்குகிறார்கள், பிறகு அவசரப்படாமல் கை வைக்கிறார்கள். பேச்சுக்கும் அதுவே முறை: வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாத இடம், போதுமான நேரம், குரல் உயராத நிதானம்.

பாதியில் விட்ட பேச்சு யாரிடமாவது உண்டா? இன்றே அழைத்து, மீதியையும் பேசிவிடுங்கள்.