படத்தில் நிற்கும் பெருமாள் யார்?

பெயர் எழுதாத பழைய குழுப் படத்தில் நிற்பவர்கள் மனிதர்கள் என்றால், அவர்களை அறிந்த முதியவர் ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நிற்பவை கோயில் உற்சவமூர்த்திகள் என்றால் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கோயில், எந்த மூர்த்தி என்பது ஒன்று. அதைக் கண்ணும் ஆவணமும் தீர்த்துவைக்கும். அது தீர்ந்த பிறகு எழுவது மற்றொன்று: அடையாளம் கண்டது உலோகத்தையா, அதில் எழுந்தருளியிருந்த தெய்வத்தையா? காவிரிக் கடைமடையில் சிலைத் திருட்டு பெருகிய காலத்திலிருந்து இந்த இரண்டாம் கேள்வி காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும்கூட வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது, படம் சரியான பக்கம் அச்சாகியிருக்கிறதா என்பது. நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். மனிதர் படத்தில் இதைச் சட்டைப் பொத்தானை வைத்துப் பிடிக்கலாம். திருமேனிக்குப் பூணூலே போதும். அது இடத் தோளிலிருந்து வலப்புறம் இறங்க வேண்டும். திருமாலுக்குச் சக்கரம் வலப்புறம், சங்கு இடப்புறம். நடராசர் தூக்கிய திருவடி பெரும்பாலும் இடது. இவை மாறியிருந்தால் தவறு பெரும்பாலும் சிற்பியுடையது அல்ல, அச்சிட்டவருடையது.

அடுத்தது வரிசை. அறுபத்துமூவர் நிற்கும் படத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். எலும்பும் நரம்புமான உடல், கையில் தாளம். காரைக்கால் அம்மையாரை அடையாளம் காண யாரையும் கேட்க வேண்டியதில்லை. நால்வரும் அப்படியே: உழவாரம் ஏந்தியவர் அப்பர், பாலகனாக நிற்பவர் சம்பந்தர், மணக்கோலத்தில் சுந்தரர், கையில் சுவடியோடு மாணிக்கவாசகர். சிக்கல் வருவது ராமர் குழுவில்தான். வைகானச மரபில் நடுவே ராமர், அவருக்கு வலப்புறம் சீதை, இடப்புறம் லட்சுமணர், சற்று முன்னே கைகட்டியோ கூப்பியோ அனுமன். வில்லைத் தனியே செய்து கையில் பொருத்துவார்கள். வில் இல்லாத படத்தில் ராமரும் லட்சுமணரும் ஒரே நிலையில், ஒரே கையமைப்போடு நிற்பார்கள். வேறுபாடு உயரத்தில் மட்டுமே. ஆகவே லட்சுமணர் திருமேனியைத் தனியே பிரித்து வைத்தால் அதை ராமர் என்று விற்றுவிட முடியும். அவர் இளையவர் என்பது பக்கத்தில் அண்ணன் நிற்கும்போதுதான் தெரியும்.

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியை அடுத்த ஆனந்தமங்கலத்தில் நடந்தது இதை ஒட்டியது. அங்குள்ள ராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் திருமேனிகள் 1978 நவம்பரில் களவு போயின. அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1958 ஜூனில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைப் படம்பிடித்து வைத்திருந்தது. 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்துச் சேர்த்தது. இன்று அந்தத் தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. திருட்டைத் தடுப்பதற்காக எடுத்தவை அல்ல, சிற்ப ஆய்வுக்காக எடுத்தவை. சிலை மீட்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள், லண்டன் பழம்பொருள் வணிகர் தளம் ஒன்றில் கண்ட லட்சுமணரை இந்தப் படத்தோடு ஒப்பிட்டனர். 2020 செப்டம்பர் 15 அன்று ராமர், சீதை, லட்சுமணர் மூவரும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டனர்.

ஒப்பீடு எப்படிச் செல்லும்? தமிழ்நாட்டு உற்சவமூர்த்திகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, உலோகம் ஊற்றி வார்ப்பவை. வார்த்தபின் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரு திருமேனிதான். இரட்டைப் பிள்ளை கிடையாது. வார்ப்பில் விழுந்த சிறு பள்ளம், சப்பரத்தில் கயிறு கட்டப் பீடத்தில் விட்ட துளை, பிரபை நிறுத்தும் இடம், தலைமுறை தலைமுறையாக அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு, மழுங்கிய கண்வரி ஆகிய இத்தனையும் பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை. அழகு இங்கே உதவாது, குறைதான் சாட்சி சொல்லும்.

ஆனால் பொருந்தியது என்பதும் அதுவே இது என்பதும் ஒன்றா? இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. முன்பு வேறிடத்தில் கண்ட தேவதத்தனை இங்கே கண்டு ‘அவனே இவன்’ என்று அறிவதைப் பிரத்யபிஞ்ஞை என்பார்கள். நையாயிகர் இதை உண்மை அறிவாகக் கொண்டு, பொருள் காலத்தில் நிலைத்திருப்பதற்குச் சான்றாக்கினர். பௌத்தர் மறுத்தனர்: விளக்குச் சுடர் கணந்தோறும் புதிது, ஒத்திருப்பதால் ஒன்றென மயங்குகிறோம், அவ்வளவுதான். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் இந்தக் கணபங்க வாதத்தை எடுத்து மறுக்கிறது. புகைப்படத்தை வைத்துப் பார்த்தால் பௌத்தர் பக்கமும் எளிதில் தள்ளத்தக்கதல்ல. படம் தருவது ஒப்புமையை மட்டுமே. ‘அதுவே’ என்ற தீர்ப்பை, பார்ப்பவர் தம் நினைவிலிருந்து கொண்டுவர வேண்டும். படமெடுத்தவருக்கு அந்த நினைவு இல்லை. ஊருக்கு உண்டு.

காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரியில் இதைத் தெளிவாகக் காணலாம். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இந்த மீனவர் ஊரின் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். நிரவி கரியமாணிக்கப் பெருமாள், திருமலைராயன்பட்டினம் வீழிவரதராஜப் பெருமாள் முதலியோரும் வந்து சேர, கரையில் பெருமாள்கள் வரிசையாக நிற்பார்கள். சௌரிராஜர் மட்டும் இங்கே ‘மாப்பிள்ளை சாமி’. மீனவர் குலத்துப் பத்மினியை மணந்தவர் என்பது தல மரபு. மாமனார் வீட்டார் மாப்பிள்ளையைத் தோள்கொடுத்து வரவேற்கிறார்கள். அந்த உற்சவரின் ஒரு கை தாழ்ந்து உள்ளங்கை திறந்திருக்கும். பெயர் தெரியாத படத்தில் அதைக் காணும் சிற்ப ஆய்வாளர் ‘வரதம்’, அதாவது கொடுக்கும் கை என்று குறிப்பெழுதக்கூடும். தலத்தாரோ அதைக் கன்னிகாதானம் வாங்க ஏந்திய கை என்கிறார்கள். ஒரே கை, ஒருவருக்குக் கொடுப்பது, இன்னொருவருக்குப் பெறுவது. இரண்டில் எது சரி என்பதை எத்தனை பெரிதாக்கினாலும் படம் சொல்லாது. அலங்காரம் களைந்து, மாலை எடுத்து, உலோகம் முழுதும் தெரிய எடுத்த ஆய்வுப் படங்களில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். பக்தர் அறிந்த முகம் பட்டும் பூவும் சூழ்ந்த முகம். ஆவணம் அறிந்தது அவை இல்லாத உடல்.

உடலுக்கும் அதில் இருப்பவருக்கும் உள்ள உறவை ஆகமங்கள் நேராகவே பேசுகின்றன. பிரதிஷ்டைக்கு முன் சிற்பியின் கையில் இருப்பது வெறும் பிம்பம்; மந்திரத்தால் ஆவாகனம் செய்த பிறகே மூர்த்தி. குடமுழுக்குக்குத் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து, சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ, வேறு பிம்பத்துக்கோ, சித்திரம் தீட்டிய அத்திப் பலகைக்கோ மாற்றி, வேலை முடிந்ததும் திரும்பச் சேர்க்கிறார்கள். இருப்பு இடம் மாறும் என்பதே இதன் அடிப்படை. முக்கிய உறுப்பு பின்னமான பிம்பத்தை விலக்கி, ஜீர்ணோத்தாரண முறையில் புதியது வைக்கவும் விதி உண்டு. சைவர் நோக்கில் திருமேனி, எங்கும் நிறைந்த சிவம் வழிபடுவோர் பொருட்டு வெளிப்படும் இடம். வைணவம் இன்னும் ஒரு படி போகிறது: பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளில் அர்ச்சாவதாரமே மிக எளிதில் அடையத்தக்கது; விக்கிரகம் அடையாளப் பொருள் அல்ல, இறங்கிவந்த பெருமாளே. இந்த வேறுபாட்டைச் சிலைத் திருட்டு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சைவ விளக்கப்படி களவு போனது இருப்பிடம். வைணவ விளக்கப்படி போனவர் அவரே.

படமே இல்லாத காலத்தில் இந்தச் சிக்கலைத் திருவரங்கம் எதிர்கொண்டது. 1323இல் தில்லிப் படை வந்தபோது உற்சவரை எடுத்துக்கொண்டு வெளியேறினர். அவர் ஊர் ஊராக அலைந்து 1371இல் திரும்பியபோது, இடைக்காலத்தில் வைத்துப் பூசித்த இன்னோர் உற்சவர் சந்நிதியில் இருந்தார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பழையவர் யார் என்று சொல்ல ஆள் இல்லை. கோயிலொழுகு சொல்லும் வரலாற்றில், பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வருகிறார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, நனைந்த ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைச் சுவைத்துப் பார்த்து, திரும்பி வந்தவரே நம்பெருமாள் என்று அறிவிக்கிறார். கண் இல்லாதவர், ஈர ஆடைத் தீர்த்தத்தின் சுவையைக் கொண்டு கண்டுபிடித்தார்; உருவ ஒப்புமை இதில் எங்கும் நுழையவில்லை. அதன்பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. இடைக்காலத்தில் இருந்தவரைப் போலி என்று ஒதுக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவர் இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார். அசல் ஒன்று, மற்றது போலி என்பது பழம்பொருள் சந்தையின் கணக்கு; பூசை கண்ட திருமேனிக்கு அது பொருந்தாது.

நீதிமன்றம் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே நிற்கிறது. இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் உரிமையுள்ள சட்ட நபர். கல்கத்தாக் குடும்பத் தெய்வம் பற்றிய 1925ஆம் ஆண்டு மல்லிக் வழக்கில் பிரிவி கவுன்சில், தெய்வம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் தெய்வத்தின் விருப்பமும் ஓர் உரிய நபர் வழியாகக் கேட்கப்பட வேண்டும் என்றது. 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு லண்டன் சந்தைக்குப் போன பத்தூர் நடராசர் வழக்கில், உரிமை கோரியவர்களில் அக்கோயிலின் சிவலிங்கமும் ஒருவர். பாழடைந்து கிடந்தாலும் கோயில் வழக்காடலாம் என்று 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அங்கே சான்றாக நின்றது அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்றத் திருமேனிகள்: வார்ப்பு முறை, ஒட்டியிருந்த மண், கரையான் தடம் ஆகியவற்றை நிபுணர்கள் ஒப்பிட்டுக் காட்டினர். உடன் நின்றவர்களால் அடையாளம் பெற்றதில், பத்தூராரும் ஆனந்தமங்கலத்து லட்சுமணரும் ஒரே வகை.

வழக்கில் வென்ற பத்தூர் நடராசர் போய்ச் சேர்ந்தது பத்தூர் அல்ல, திருவாரூர்க் கோயிலில் உள்ள உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையம். காவலுக்கு ஆளில்லாத கோயில்களின் மூர்த்திகள் பல இத்தகைய மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஊர்த் திருவிழாவுக்கு அவற்றைக் காவலோடு எடுத்துச் சென்று, விழா முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. மீண்டு வரும் திருமேனியை மறுபடி வழிபாட்டில் வைக்குமுன் பிராயச்சித்தமும் சம்ப்ரோக்ஷணமும் செய்கிறார்கள். அந்தச் சடங்குக்கு முன்வரை அது மீட்கப்பட்ட சொத்து. அதன்பின் ஊர்க்காரர் அதைச் சொத்தென்று சொல்வதில்லை, சாமி வந்துவிட்டார் என்கிறார்கள்.