நாடி: சாட்சியா? நீதிபதியா?

மணிக்கட்டில் விரல் வைத்து நோயறிய முயன்றான் மனிதன். அது அறிவின் ஆர்வம். ஓலையைப் புரட்டி, ‘இதோ உன் நாடி, இதோ உன் விதி’ என்று காசு பறித்தான் இன்னொருவன். அது அச்சத்தின் வாணிபம். ஒரே சொல்; உலகங்களோ இரண்டு!

இன்று அறிவியல், மனச்சோர்வு நோயால் வாடுவோரின் நாடி அலையைக் கருவியில் பதிந்து, நெருக்கடி நேர்கையில் அவர்தம் உடல் எவ்வாறு இயங்குகிறது என ஆராய்கிறது. அந்தக் கருவி துயருற்றோர்க்குச் சாட்சியாக நிற்குமா? அவர்மீது தீர்ப்புரைக்கும் நீதிபதி ஆகிவிடுமா? இது மருத்துவர்க்கு மட்டும் உரிய கேள்வியன்று, நமக்கும் உரியது.

2ஆம் நூற்றாண்டின் ரோம் நகரில் உறக்கமின்றி வாடிய மாதொருத்தியை மருத்துவர் கேலன் ஆராய்ந்தார். உடலில் நோயில்லை. பைலடீஸ் என்னும் கூத்தனின் பெயர் காதில் விழுந்ததும் நாடி தடுமாறிற்று. கேலன் உடனே முடிவு கட்டினாரா? இல்லை. அடுத்த நாட்களில் வேறு கூத்தர் பெயர்களைச் சொல்லச் செய்தார், நாடி கலங்கவில்லை. மீண்டும் பைலடீஸ், மீண்டும் தடுமாற்றம்! பேயோட்டியை அழைக்கவில்லை, பரிகாரம் பேசவில்லை. சோதித்தார், ஒப்பிட்டார், தெளிந்தார்.

1860இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவி கண்டார். இன்றோ விரல்நுனியில் ஒளி பாய்ச்சினால் போதும். குருதி பெருகுந்தோறும் ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும். அந்த ஏற்ற இறக்கமே அலையாகிறது. 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையிலோ, நடுவர் முன்னிலையில் பேசவேண்டும், மனக்கணக்கும் போடவேண்டும். அத்தகைய வேளையில் துடிப்பு விரையும். விரல் நாளங்கள் சுருங்கும். அலையின் உயரம் தாழும். மனச்சோர்வுற்றோர் பலரிடம் இந்த எழுச்சி மங்கிக் காணப்படுவதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன.

“அழவில்லை, பதறவில்லை, இவனுக்கென்ன துயரம்? எல்லாம் நடிப்பு!” என்று ஏசுகிறதே ஊர், அதற்கு இதோ விடை! பதறாதிருப்பதும் நோயின் குறியாகலாம். முற்பிறவிப் பாவமென்றும், ஏழரைச் சனியென்றும், சோம்பலென்றும் பழி சுமத்துவோர் வாயை அடைக்கும் சாட்சி இது.

ஆனால் தோழர்களே, சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்வதன்றோ பகுத்தறிவு? காப்பி, புகை, குளிர், முதுமை, உண்ணும் மருந்து ஆகிய யாவும் நாடியை மாற்றும். பலரிடம் கண்ட சராசரி, ஒருவர்மேல் உரைக்கும் தீர்ப்பாகாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் லொம்ப்ரோசோ, குற்றஞ்சாட்டப்பட்டோரின் நாடியை அளந்து உண்மை காண முயன்றார்; பிறவிக் குற்றவாளிகள் உண்டென்று கூறியவரும் அவரே! கருவி புதிது, உள்ளே குடியிருந்ததோ பழைய தலைவிதி.

அந்த ஒளிக்கருவி இன்று கைக்கடிகாரத்திலும் ஏறிவிட்டது. அதன் பதிவு மருத்துவரிடம் சென்றால் உதவி. இசைவின்றி முதலாளியின் மேசைக்குச் சென்றால் விலங்கு! நாடி யாருடையதோ, அதன் பதிவும் அவருடையதே. இந்த உரிமையைக் காப்பது நம் கடன்.

விதியெழுதிய ஓலையை எறிந்த நாம், எண்ணெழுதிய ஓலையை வணங்கலாமா? துயருற்றவரின் வாய்மொழியே முதற்சாட்சி, நாடி துணைச்சாட்சி. நீதிபதி நாற்காலி இரண்டிற்கும் வேண்டா. வாடுபவர்க்கு வேண்டுவது தீர்ப்பன்று, மருந்தும் மனிதரும்!