துயர நூல்களை இளையோர்க்குப் பரிந்துரைத்தல்: மெய்ப்பாட்டியல் வழி ஓர் அறநோக்கு

முன்னுரை

இழப்பையும் இன்னலையும் எதிர்கொள்ளும் சிறுவர், இளையோர் பற்றிய படைப்புகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் உள்ளன. உள்ளத்தை உருக்குவன என்னும் காரணத்தாலேயே அவை ஆசிரியர்களாலும் நூலகர்களாலும் இளையோர்க்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. பிறர் துயர் அறிந்தால் மனம் பண்படும் என்பது இப்பரிந்துரைக்கு அடிப்படையான நம்பிக்கை. இந்நம்பிக்கை முழுமையானதா, இத்தகைய நூலை இளையவர் ஒருவர் கையில் தருவோர்க்குரிய கடமை யாது என்னும் வினாக்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அழுகையின் இருவகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வருந்துதல் அசைவு. நுகர்தற்குரியன இன்மையால் வாடுதல் வறுமை. இளையோர் துன்பம் பேசும் இக்காலப் புனைகதைகளும் பெரும்பாலும் இந்நான்கினுள் அடங்கக் காணலாம்.

உரையாசிரியருள் ஒருவராகிய பேராசிரியர் அழுகையை மேலும் இரண்டாகப் பகுப்பார். தன் துன்பத்திற்குத் தானே வருந்துதல் ஒன்று. பிறர் துன்பம் கண்டு வருந்துதல் மற்றொன்று. இவற்றை அவலம், கருணை எனப் பிரித்து எண்ணுங்கால் சுவை ஒன்பதாதலும் உண்டு என்பது அவர் கருத்து.

இப்பகுப்பு வகுப்பறைக்கும் பொருந்துவது. நூலைப் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் கருணையை மட்டுமே எதிர்பார்க்கிறார். ஆனால் அதே வகுப்பில் தந்தையை இழந்த மாணவரும் இருப்பார். விடுமுறை நாள்களில் கூலி வேலைக்குச் செல்பவரும் இருப்பார். அவர்க்கு அந்நூல் பிறர் கதை அன்று. அருகிலிருப்பவர் கருணை கொள்ளும் அதே பக்கத்தில் அவர் அவலம் கொள்கிறார். தம்மைப் போன்ற ஒருவன்மீது மற்றவர் இரங்குவதையும் உடனிருந்து காண்கிறார். அவ்வேளையில் இழவோடும் வறுமையோடும் இளிவும் சேர்ந்துவிடக்கூடும். எனவே, ஒரு நூல் எத்தனை பேரை அழவைத்தது என்பதைவிட, அத்துன்பத்தை உடையவரை அது தலைகுனிய வைக்கிறதா என்பதே முதன்மையான வினாவாகிறது.

மூன்று படைப்புகள்

இவ்வினாவிற்கு விடை தரும் படைப்புகளுள் பிரேம்சந்தின் 'ஈத்கா' (1933) என்னும் சிறுகதை குறிப்பிடத்தக்கது. தாய் தந்தையை இழந்த ஹமீது பாட்டி அமீனாவிடம் வளர்கிறான். ஈகைத் திருநாள் சந்தைக்குச் செல்லும் அவனிடம் இருப்பது மூன்று பைசா. உடன் வந்த சிறுவர் பொம்மையும் தின்பண்டமும் வாங்க, ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுடாதிருக்க அவன் ஓர் இடுக்கி வாங்குகிறான். கதையின் இறுதியில் அழுபவள் பாட்டியே. அவள் ஏன் அழுகிறாள் என்பது சிறுவனுக்கு விளங்குவதில்லை. ஏழைச் சிறுவன் இங்கு இரக்கத்தைப் பெறுபவனாக நில்லாது அன்பைத் தருபவனாக உயர்கிறான்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' (1929) நாவலில் துர்க்கா காய்ச்சலுற்று இறக்கிறாள். அண்டை வீட்டில் முன்பு காணாமற்போன சிறு பொற்சிமிழ் ஒன்றைப் பின்னாளில் தம்பி அபு தம் வீட்டிலேயே கண்டெடுக்கிறான். அதை எவரிடமும் காட்டாது மூங்கிற்புதருள் வீசிவிடுகிறான். இறந்த தமக்கையின் பெயருக்கு இளிவு நேராவண்ணம் காக்கும் செயல் அது. அபுவின் துயரம் கண்ணீரினும் இச்செயலிலேயே மிகுதியும் புலப்படுகிறது எனலாம்.

இவ்வளவுகோல் சிறுவர் தோல்வியுறும் படைப்புகளை விலக்கிவிடாதா எனின், விலக்காது. முல்க் ராஜ் ஆனந்தின் 'கூலி' (1936) நாவலின் மூனு ஓர் அநாதை. வீட்டு வேலை, ஊறுகாய்த் தொழிற்சாலை, பம்பாய்ப் பஞ்சாலை, சிம்லாவில் கைரிக்ஷா எனப் பல இடங்களில் உழைத்து, இளமையிலேயே காசநோயால் இறக்கிறான். அவனுக்கு மீட்சி இல்லை. எனினும், தந்தையின் நிலம் கடனுக்குப் பறிபோனது முதல் அவன் துன்பத்தின் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுத்தப்படுகின்றன. வறுமை தன் குற்றமன்று என்னும் தெளிவை அந்நிலையிலுள்ள வாசகர் பெறுகிறார். மகிழ்ச்சியான முடிவு தராத ஓர் ஆறுதல் இது. சிறுவனின் துன்பத்தைக் காரணமின்றி அடுக்கி, அவனைச் சிந்தனையற்ற பொருளாக்கிக் கண்ணீரை மட்டும் வேண்டும் கதைகளிலிருந்து இம்மூன்றும் வேறுபடுவது இவ்விடத்தேதான்.

பரிந்துரைப்போர் கடமை

துயர நூல்களை இளையோரிடமிருந்து முற்றிலும் விலக்கிவிடலாம் என்பாரும் உளர். துன்பமே அறியாத குடும்பங்களை மட்டும் நூல்களில் காணும் இளையவர், தம் வீட்டில் நேர்ந்தது உலகில் எவர்க்கும் நேராதது என எண்ணித் தனிமையுறுவார். ஆதலின் மறைத்தலும் தீங்கற்றதன்று.

தருவோர் கருதத்தக்கன மூன்று. நூலில் நிகழும் இழப்பு இன்னது என முன்னரே சொல்லுதல் முதலாவது. இதனால் கதையின் சுவை சிறிது குறையலாம். அண்மையில் உடன்பிறந்தாரை இழந்த ஒருவர் எதிர்பாராது துர்க்காவின் இறப்பைப் படிக்க நேர்வதோடு ஒப்பிட அக்குறை சிறிதே. விரும்பாதவிடத்து நூலை மூடிவைக்கும் உரிமையை அளித்தல் இரண்டாவது. அழுதமைக்குச் சான்று கேளாதிருத்தல் மூன்றாவது. உள்ளத்தை உருக்கிய பகுதி எது எனத் தேர்வில் வினவும்போது, கருணை கொண்டவர் எளிதில் எழுதிவிடுகிறார். அவலம் கொண்டவரோ தம் வாழ்வைத் திறந்து காட்டவோ பொய் எழுதவோ வேண்டியவராகிறார்.

முடிவுரை

துயர நூலால் இளையோர் மனம் பண்படும் என்னும் நம்பிக்கை, வாசகர் அனைவரும் துன்பத்திற்கு வெளியே நிற்பவர் எனக் கொண்டாலன்றி முழுமையுறாது. பேராசிரியரின் பகுப்பு இக்குறையை உணர்த்துகிறது. இழவும் வறுமையும் இலக்கியத்தில் இடம்பெறுதல் தவிர்க்கவியலாதது. அவற்றோடு இளிவைச் சேர்க்காமை படைப்பவர்க்கும் பரிந்துரைப்பவர்க்கும் உரிய பொது அறம் எனக் கொள்ளலாம். அபு வீசியெறிந்த சிமிழ் உணர்த்துவதும் இவ்வறத்தையே.