பாஸ்காப் பயணமும் பிள்ளைகளின் கேள்விகளும்



இங்கே லண்டனில் பள்ளிகள் மூடியிருக்கின்றன. இன்று உயிர்ப்புப் பெருவிழா, நாளை பொது விடுமுறை. அதற்குப் பிறகும் பிள்ளைகள் வீட்டில்தான். "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கேள்விக்கும் உயிர்ப்பு விழாவுக்கும் தொடர்பில்லை என்று நினைக்காதீர்கள். நாசரேத்தூர்க் குடும்பத்துக்கும் இதே காலத்தில் ஒரு பயணம் இருந்தது. யோசேப்பும் மரியாவும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய்வந்தார்கள் என்கிறார் லூக்கா. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி, நாள்கணக்கான நடை, உறவினரும் தெரிந்தவர்களுமாய் ஒரு பெரிய கூட்டம். மடுத் திருத்தலத்தில் மரநிழலில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மாதாவை வேண்டிய நினைவுள்ள பெரியவர்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், திரும்பும் வழியில் பிள்ளையைக் காணவில்லை. ஒருநாள் தூரம் நடந்த பிறகே பெற்றோருக்கு அது தெரிந்தது. தேடித் தவித்து மூன்றாம் நாள் கோவிலில் கண்டார்கள். மகன் போதகர்களின் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும், அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார்.

பாஸ்கா தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளின் கேள்விக்கு இடம் வைத்த விழா. இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, ஆண்டவர் எகிப்தில் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள் என்பது விடுதலைப் பயண நூலில் பெற்றோருக்குத் தரப்பட்ட கட்டளை. இன்றும் யூத வீடுகளில் பாஸ்கா இரவு உணவின்போது வழக்கமாக வீட்டின் இளைய பிள்ளைதான் கேட்கத் தொடங்கும். பெரியவர்கள் பதிலாக அந்தக் கதையைச் சொல்வார்கள்.

அதனால் இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு வெளியே போங்கள் என்று நான் மனதாரச் சொல்கிறேன். செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் உங்களில் பலர் என்பதும் தெரியும். தெற்கு கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு பாதாள ரயிலில் இலவசமாகப் போகலாம். அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்தில் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று தலைக்குமேல் தொங்குகிறது. நீளம் 25.2 மீட்டர். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்ட் கரையில் ஒதுங்கிய உயிர் அது. அதற்கு 'நம்பிக்கை' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பிள்ளை ஏதாவது கேட்கும். அப்போது இறைவாக்கினர் யோனாவின் கதையைச் சொல்லுங்கள். கடல் கொந்தளித்ததை, கப்பலில் இருந்தவர்கள் அவரைக் கடலில் தூக்கி எறிந்ததை, மூன்று நாள் மீனின் வயிற்றில் இருளில் கிடந்து அவர் மன்றாடியதை, பிறகு கரையில் கக்கப்பட்டதைச் சொல்லுங்கள். தம் மரணத்துக்கும் உயிர்ப்புக்கும் அடையாளமாக ஆண்டவரே எடுத்துக்காட்டியது இந்த யோனாவைத்தான். ரோமையில் நிலத்தடிக் கல்லறைகளில் தங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்த முதல் கிறிஸ்தவர்கள் சுவரிலே மீண்டும் மீண்டும் யோனாவை வரைந்தார்கள். சாவு நம்மை விழுங்கும், ஆனால் வைத்துக்கொள்ள முடியாது என்பதை அவர்கள் அப்படிச் சொன்னார்கள். மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் எத்தனை முறை சொன்னாலும், அந்த எலும்புகளின் கீழே தகப்பன் சொல்வதுபோல் ஆகாது.

ஆனால் இங்கே ஒரு பயம் இருக்கிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், உங்களுக்குத் தமிழில்தான் பதில் வருகிறது. சில கேள்விகளுக்கு எந்த மொழியிலும் பதில் வருவதில்லை. இரவு வேலை முடித்து வந்த தகப்பன், பராமரிப்பு இல்லத்தில் நாள் முழுதும் நின்ற தாய், "எனக்குத் தெரியாததைக் கேட்டுவிடுவானோ" என்று கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அன்பான பெற்றோரே, லூக்கா எழுதியதை இன்னும் ஒருமுறை வாசியுங்கள். கோவிலில் மகன் சொன்ன பதில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் புரியவில்லை. ஆண்டவரின் தாய்க்கே புரியவில்லை! அவர் அதற்காக மகனை விட்டு விலகவில்லை. எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு, அவரோடு நாசரேத்துக்கு நடந்தார். உயிர்த்த ஆண்டவரும் எம்மாவு வழியில் கிளயோப்பா என்ற சீடரோடும் இன்னொரு சீடரோடும் நடந்தபோது, முதலில் அவர்களையே பேசவிட்டுக் கேட்டார். விளக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்பதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. பக்கத்தில் நடந்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. திபேரியக் கரையில் ஆண்டவர் தாமே கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து சீடர்களைச் சாப்பிட அழைத்தார். உங்கள் பயணத்துக்கும் அப்படி எளிமையாக, வீட்டில் கட்டிய ஒரு சோற்றுப்பொதி போதும். ஆண்டவர் நம்மை அழைக்கும் விருந்தையும் மறக்க வேண்டாம்: அடுத்த ஞாயிறு எங்கே இருந்தாலும், அங்கே கிட்டவுள்ள கோவிலில் திருப்பலி காணத் தவறாதீர்கள்.

இன்னும் ஒன்று. எம்மாவில் அந்த இருவரும் வழியில் சந்தித்த அந்நியரை வற்புறுத்தித் தங்களோடு தங்க அழைத்தார்கள். நம் பங்கில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் இருக்கிறார்கள். வதிவிட உரிமைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இந்த விடுமுறையில் அந்தப் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போக ஆளில்லை. உங்கள் காரில் ஓர் இடம் மீதமிருந்தால், சோற்றுப்பொதி ஒன்று கூடுதலாகக் கட்ட முடிந்தால், திருப்பலி முடிந்ததும் வாசலில் அவர்களிடம் போய், எந்த நாள் வசதி என்று கேளுங்கள்.