நெட்டுருப் போடுவது தப்பா?

எங்கள் தெருவில் ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து இங்கிலீஷ் வார்த்தைகளை நெட்டுருப் போடுகிறாள். ராசிபுரமே தூங்கும் வேளை. அவள் அப்பா லாரியோடு எங்கோ வடக்கே. சட்டம் படிக்க வேண்டுமாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர, 2008 முதல் நடந்துவரும் 'கிளாட்' பரீட்சை இங்கிலீஷில்தான்.

பொருள் அறியாமல் வார்த்தையை மட்டும் அறிவது அறிவாகுமா? செல்லாக்காசைப் பையில் நிரப்புவது அல்லவா? அவளிடமே கேட்டுவிட்டேன்.

"உங்க வீட்டுல புஸ்தகம் இருந்துச்சுங்க மாமா. எங்க வீட்டுல இந்தப் பட்டியல்தானுங்க இருக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 2020இல் அந்தப் பரீட்சையை மாற்றினார்கள். தனி வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது போய், சுமார் 450 வார்த்தைகள் கொண்ட பகுதியைப் படித்துப் பதில் எழுதும் முறை வந்தது. நெட்டுரு ஒழிந்தது என்று நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் நெட்டுரு ஏழைக்கும் எட்டுகிற ஏணி; கண் விழித்தால் ஏறிவிடலாம். பத்து வருஷத்து வாசிப்புப் பழக்கத்தைக் கண் விழித்துச் சம்பாதிக்க முடியுமா? அதைப் பெரும்பாலும் பிறந்த வீடுதான் கொடுக்கிறது. நெட்டுருவை இகழ்கிறவன் முதலில் தன் வீட்டு அலமாரியைப் பார்த்துக்கொள்வது நியாயம்.

அதற்காக நெட்டுருவே போதும் என்றும் சொல்ல மாட்டேன். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1916இல் விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் கண்டார். இங்கிலீஷில் கைதேர்ந்தவர் அவர். அன்னியச் சொல்லும் வீட்டுப் பேச்சோடு உறவு கொண்டால்தான் நம்முடையதாகும் என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

அன்று அவள் படித்த வார்த்தை 'லக்கானிக்'. கிரேக்க தேசத்து லகோனியாவின் பெயரால் வந்தது; ஸ்பார்ட்டா நகரம் அங்கேதான். "உங்கள் நாட்டில் நுழைந்தால் நாசம் செய்வேன்" என்று பிலிப் மன்னன் சொல்லியனுப்ப, "நுழைந்தால்!" என்ற ஒரே வார்த்தை பதிலாகப் போனதாம். கதையைச் சொன்னேன்.

சற்று யோசித்தாள். "எங்க அப்பாரு மாதிரிங்களா?" என்று சிரித்தாள்.

அவள் தாத்தா சேகோ பேக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். "ஆகட்டும்" என்பதற்குமேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

செல்லாக்காசு செல்லுபடியாயிற்று. இதற்கு வேண்டியிருந்தது என் உபதேசமல்ல. பக்கத்தில் உட்கார ஒரு கால்மணி நேரம். அதைத் தராமல் தத்துவம் பேசியது என் தப்பு.